பின்கதவுக் காற்று

கோர்னி ப்ரோத்
21 நவம்பர் 1999

அன்பு ருமியானா அக்காவுக்கு,

தெமெனுகா எழுதுகிறேன். முதலில் இதைப் படி: அம்மா உயிரோடு இருக்கிறாள், வீட்டில் இருக்கிறாள், கொஞ்சம் சாப்பிடவும் செய்கிறாள். நானும் சுகம். உன் இருமல் விட்டதா?

ஒன்பதாம் தேதி தையல் பட்டறையில் தீப்பிடித்தது. நீ அதற்குள் கேள்விப்பட்டிருப்பாய். எல்லைக்கு அந்தப் பக்கம் தெசலோனிக்கியிலும் உனக்கு அதே கிரேக்க முதலாளிதானே. பின்கதவுக்குப் போகும் நடையில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளில்தான் தீ பிடித்தது. மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அதில் ஒருவர் தோச்கா சித்தி, அம்மாவுக்கு அடுத்த மெஷின். செப்டம்பரில் நம் முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் சுட்டுத் தோலுரித்துக் கொடுத்தாளே, அந்த ஜாடிகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. திறக்க மனம் வரவில்லை.

மூன்று பேரும் பின்கதவருகே கிடந்தார்கள். கதவு பூட்டியிருந்தது என்று ஊரே சொல்கிறது. சாவி மேஸ்திரி கோஸ்தாதினின் சட்டைப்பையில் இருந்ததாம். அவர் அப்போது தெருவில் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். ஆனால் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்து உயிரோடு வெளியே வந்தது அம்மா ஒருத்திதான். இஸ்திரி அறை ஜன்னலில் இருந்து யோர்தான்கா சித்தி கத்திய சத்தத்தைப் பிடித்துக்கொண்டு புகை வழியாகத் திரும்பி வந்திருக்கிறாள்.

அம்மா எதுவும் சொல்வதில்லை. வலது உள்ளங்கையில் குறுக்காகக் கோடு போட்டதுபோல் ஒரு புண். டாக்டர் கட்டுப்போட்டிருக்கிறார். எப்படிச் சுட்டது என்று கேட்டால், "போய்ப் படி" என்கிறாள்.

இன்னொன்று, அக்கா. இது எனக்குப் புரியவில்லை. வீட்டில் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கிறாள். இந்தக் குளிரில்! ஊடுகாற்று பட்டால் சிறுநீரகம் போய்விடும், கழுத்து திரும்பாது என்று நம்மைத் திட்டியே வளர்த்தவள். நான் கோட்டு போட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

இதைப் பஸ் டிரைவர் மெதோதி அண்ணனிடம் கொடுக்கிறேன். உங்கள் போன் அங்கத்து மேஸ்திரி மேசையில் இருப்பதால் எழுதுவதே நல்லது.

உன் தெமெனுகா

*

தெசலோனிக்கி
6 டிசம்பர்

தெமெனுகாக் குட்டிக்கு,

உடம்பு பரவாயில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே பத்தாம் தேதியே தெரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தாமல் அழுதோம். சனிக்கிழமை முதலாளி வந்தார். எல்லோருக்கும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார், தேவாலயத்தில் ஏற்றச் சொல்லி. பாவம், முகம் வாடியிருந்தது என்றார்கள் சிலர். நான் பார்க்கவில்லை.

தோச்காவின் மெஷினில் ஒரு வருடம் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் சிரிப்பு காதிலேயே இருக்கிறது.

அம்மாவின் கையைப் பற்றி இன்னும் எழுது. விசாரணை அதிகாரியிடம் அம்மா என்ன சொன்னாள்?

கோட்டு போட்டுக்கொண்டு படி. ஜன்னலை மூடச் சொல்லி அம்மாவிடம் சண்டை போடாதே.

ருமியானா

*

கோர்னி ப்ரோத்
22 டிசம்பர்

அன்பு அக்கா,

சுகம்தானே? இங்கே பனி. அம்மாவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் விரலை மடக்க முடியவில்லை. விசாரணை அதிகாரியிடம் "புகை. ஒண்ணும் தெரியல" என்று மட்டும் சொன்னாளாம்.

முதலாளியின் வக்கீல் வந்திருந்தார். கதவு பூட்டியிருக்கவில்லை, சும்மா மூடியிருந்தது, பெண்கள் கைப்பையை எடுக்கத் திரும்பிப் போனதால் செத்தார்கள் என்றார். யோர்தான்கா சித்தியைத்தான் உனக்குத் தெரியுமே. "தோச்கா பையில என்னங்க இருந்துச்சு? ஒரு சீப்பும் பாதி ரொட்டியும். அதுக்கா செத்தா?" என்று நகராட்சிப் படிக்கட்டில் நின்று கத்தினாள். அன்றிலிருந்து நாற்பது பெண்கள் போல அங்கே தினமும் நிற்கிறார்கள்.

கோரிக்கைகளைப் பெரிய தாளில் எழுதிப் பட்டறைக் கேட்டில் ஒட்டினார்கள். மறுநாள் காலையில் இல்லை. மறுபடி ஒட்டினார்கள். அதுவும் இல்லை. காவல்காரர் ஸ்தாவ்ரி மாமாதான் கிழிக்கிறார். பள்ளிக்குப் போகும்போது நின்று பார்த்தேன். கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார். ஆனால் பக்கத்திலேயே தோச்கா சித்தியின் மரண அறிவிப்பு, கறுப்புக் கட்டம் போட்டது, போட்டோவோடு. அதைச் சுற்றிக் கத்தியைக் கொண்டுபோகிறார், ஒரு ஓரம்கூடக் கீறாமல்.

சித்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நாற்பதாம் நாளுக்கு எப்படியும் நினைவு அறிவிப்பு ஒட்டத்தானே வேண்டும், கோரிக்கையை அதிலேயே எழுதினால் என்ன என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "உன்னை இவ்வளவு நாள் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாளே உங்கம்மா!" என்றாள்.

நான் எழுதிக்கொண்டு போனதில் இலையுதிர்காலமும் அணைந்த விளக்குகளும் இருந்தன. சித்தி படித்துவிட்டு, "கவிதையெல்லாம் வேணாம்டி. கதவுன்னு எழுது" என்றாள். இப்படி முடிந்தது:

நினைவு நாள்
நாற்பது நாட்களாக எங்களோடு இல்லாத
தோச்கா, இல்கா, சிறியவள் நெவெனா
பூட்டிய பின்கதவருகே இறந்தார்கள்.
வேலை நேரத்தில் கதவு திறக்க வேண்டும்.
சாவி சுவரில் தொங்க வேண்டும்.
காயப்பட்டவர்களைப் பட்டறை பார்த்துக்கொள்ள வேண்டும்.
இறந்தவர்கள்மேல் பழி போடாதீர்கள்.
துயரத்துடன்: முன்வரிசையும் இஸ்திரி அறையும்

கோதுமையை அவித்துச் சர்க்கரை தூவிக் கல்லறையில் கொடுத்துவிட்டு, நேராகக் கேட்டுக்குப் போய் ஒட்டினோம். கோஸ்தாதின் வெளியே வந்தார்.

"கிழிய்யா அதை!"

"செத்தவங்க பேரு இருக்குங்களே," என்றார் ஸ்தாவ்ரி மாமா. "நீங்களே கிழிங்க. நான் வேணும்னா ஸ்டூல் போடறேன்."

கோஸ்தாதின் கையை நீட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீட்டின கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது கேட்டில், பஸ் நிலையத்தில், ரொட்டிக்கடைக் கதவில், எல்லா மின்கம்பத்திலும் இருக்கிறது. அம்மா வீட்டில் இருந்துவிட்டாள், கல்லறைக்குக்கூட வரவில்லை. நான் திரும்பி வந்ததும், "அதுல யாரு எழுதினது, பூட்டியன்னு?" என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்றேன். எழுந்து போய் இன்னொரு ஜன்னலைத் திறந்தாள்.

புத்தாண்டுக்கு வருவாயா?

தெமெனுகா

*

தெசலோனிக்கி
17 ஜனவரி 2000

தெமெனுகாவுக்கு,

புத்தாண்டு நல்லபடியாகப் பிறக்கட்டும். வர முடியவில்லை, ஆர்டர் அதிகம்.

நீ எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் போதும். நேற்று முதலாளி என் மெஷினருகே வந்து நின்றார். "உன் தங்கை நல்லா படிக்கிறாளாமே" என்றார். நான் தைத்த காலரைக் கையில் எடுத்துப் பார்த்து, நேராக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவை இதில் இழுக்காதே. நான் சுகம்.

ருமியானா

*

கோர்னி ப்ரோத்
25 பிப்ரவரி

அன்பு அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று கோபமா? எப்படி எழுதினால் உனக்குத் தொந்தரவு வராது என்று யோசித்து யோசித்து மூன்று தாளைக் கிழித்தேன். சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. ஜன்னல்தான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் ஒன்றுக்கு மார்த்தெனித்சா வைத்திருக்கிறேன், சிவப்பு வெள்ளை நூலை நானே முறுக்கினேன். கையில் கட்டிக்கொள். பூத்த மரத்தையோ நாரையையோ முதலில் பார்க்கும்போது அவிழ்த்துக் கிளையில் கட்டு. தெசலோனிக்கியில் நாரை உண்டா? உன்னுடையதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

பட்டறையைப் பழைய புகையிலைக் கிடங்கில் திறந்துவிட்டார்கள். அதே மேஸ்திரி. பாதிப்பேர் அங்கே வேலைக்குப் போய்விட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை, அக்கா. இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? படிக்கட்டில் இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், காலை மாற்றி மாற்றி. யோர்தான்கா சித்திக்குக் குரல் கட்டிவிட்டது. "கத்திக் கத்திக் கழுதை ஆயிட்டேன். இனிமே மூட்டை தூக்கத்தான் லாயக்கு" என்கிறாள். அறிவிப்புகள் மழையில் வெளுத்துப்போய்விட்டன. ஆனால் யாரும் கிழிக்கவில்லை.

ஏப்ரல் 18 விசாரணை. வக்கீல் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறாராம்: கதவை மூடச் சொன்னதே பெண்கள்தான், ஊடுகாற்று என்று அவர்களே புகார் செய்தார்கள் என்று. நேற்று நம் சமையலறையில் சித்தி இதைச் சொல்லிச் சிரித்தாள். "நாம காத்துக்குப் பயந்து செத்தோமாம்! கேட்டியா வெனெதா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

கதவின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது அம்மா மட்டும்தான். அவள் பேசாவிட்டால் வக்கீல் சொல்வதுதான் நிற்கும் என்று சித்தி என்னிடம் தனியாகச் சொன்னாள்.

தெமெனுகா

*

தெசலோனிக்கி
14 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

எனக்கு இங்கே வேலை மிகவும் நன்றாக இருக்கிறது. முதலாளி எங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். அடுத்த மாதம் விசாரணையில், கதவு பூட்டப்படவில்லை, மூடியிருந்தது, புகையில் திறக்கத் தெரியவில்லை என்று தாங்கள் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. இறந்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. என் வேலையும் நிலைக்கும். தங்கள் கைக்கும் வைத்தியம் பார்ப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

தங்கள் மகள்
ருமியானா

*

கோர்னி ப்ரோத்
27 மார்ச்

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டாலும் எழுத்து ஆடுகிறதாம். "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன்.

"மார்த்தெனித்சா இருக்கா உறைக்குள்ள?"

உறையைக் கவிழ்த்து உதறினேன். "இல்லம்மா."

"அவ பொறந்ததிலிருந்து ஒரு மார்ச்சும் தவறினதில்ல," என்றாள் அம்மா. பிறகு, "தங்கள்னு எழுதியிருக்கா. எப்போ என்னைத் தங்கள்னா?" என்றாள்.

கையெழுத்து உன்னுடையதுதான், அக்கா. கடிதம் உன்னுடையது இல்லை. யார் பக்கத்தில் நின்றார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அம்மா சொன்னாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, இடது கையால்.

"அந்தக் கதவை மூடச் சொன்னது நான்தான்டி. அக்டோபர்ல எனக்குத் தோள் பிடிச்சுக்கிச்சு. காத்து நேரா இங்க வந்து குத்தும். 'மூடித் தொலையேன், என்னைச் சாகடிக்கிறியே'ன்னு கோஸ்தாதின்கிட்ட சத்தம் போட்டேன். தோச்கா சிரிச்சா. 'இவளுக்குக் காத்துன்னா பேய்'னா. மூடினான். மறுநாள் பூட்டும் போட்டுட்டான், சிகரெட் பிடிக்க எவளும் வெளியே போகக்கூடாதுன்னு. சாவியை ஆட்டிக் காட்டி, 'இப்போ திருப்தியா, வெனெதா?'ன்னான்."

"நீ என்னம்மா சொன்னே?"

"ஆமான்னேன்."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"காத்து நின்னு தோள் கதகதன்னு இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. ஆமான்னேன்."

நான் எழுந்து ஜன்னலை மூடினேன். அவள் எழுந்து திறந்தாள். அவ்வளவுதான்.

இதை விசாரணையில் சொன்னால் வக்கீல் தன்னையே கொலைகாரி ஆக்கிவிடுவார் என்று பயப்படுகிறாள். சொல்லாவிட்டால் தோச்கா சித்தி கைப்பைக்காகச் செத்தவள் ஆகிவிடுவாள். சொன்னால் உன் வேலை போகும். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, "நீ படிச்சவ, சொல்லு" என்கிறாள். எனக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பட்டறையின் பின்கதவு திறக்குமா? நீண்ட கடிதம் வேண்டாம். ஒரு வார்த்தை போதும். மெதோதி அண்ணன் கையிலேயே கொடு, உறைகூட வேண்டாம்.

தெமெனுகா

*

9 ஏப்ரல்

திறக்காது.

(இந்த நூல் பிப்ரவரியிலேயே முறுக்கியது. ஒன்று உனக்கு, ஒன்று அம்மாவுக்கு. தாமதம்தான். அப்படியும் கட்டிக்கொள்ளுங்கள்.)

*

கோர்னி ப்ரோத்
24 ஏப்ரல்

அன்பு அக்கா,

ஈஸ்டர் வாரம். சுகமாக இருக்கிறாயா? முட்டைக்குச் சிவப்புச் சாயம் வாங்கிவிட்டேன். நம் பிளம் மரம் பூத்து உதிரவும் ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அம்மா மார்த்தெனித்சாவை அவிழ்க்கவில்லை, அதோடுதான் விசாரணைக்குப் போனாள்.

உன் சீட்டை அவளிடம் கொடுத்தபோது மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையை இவ்வளவு நேரம் படிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு, "கறுப்புப் பாவாடையை இஸ்திரி போடு" என்றாள்.

அறை சிறியது. முதலாளி வரவில்லை, வக்கீல்தான். அவர் முதல் கேள்வியே அதுதான்.

"கதவை மூடச் சொன்னது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"பூட்டினப்போ திருப்தின்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

யோர்தான்கா சித்தி என் கையை நசுக்கிவிட்டாள். அவளுக்கு இது தெரியாது. வக்கீல் உட்காரப் போனார். அம்மா நகரவில்லை.

"இன்னும் முடியலங்க," என்றாள். "தீ வந்தப்போ நான்தான் முதல்ல ஓடினேன். பிடிச்சு இழுத்தேன். இரும்பு. தோல் அதுலயே ஒட்டிக்கிச்சு." கையை விரித்துக் காட்டினாள். அந்தக் கோடு. "பூட்டியிருந்துச்சு. எனக்குப் பின்னால தோச்கா, 'இழுடி, இழுடி'ன்னா. சாவி எங்க இருக்கும்னு நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்கல. இப்போ கேக்கறேன்."

திரும்பினாள். "எங்கடா இருந்துச்சு சாவி, கோஸ்தாதின்?"

நீதிபதி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்றார். ஆனால் கோஸ்தாதினின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நீதிபதி உட்பட எல்லோரும் பார்த்தோம்.

நீ பெரிய முடிவை எதிர்பார்த்திருப்பாய். விசாரணையை அக்டோபருக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். முதலாளி பெயர் வழக்கில் இல்லை, கோஸ்தாதின் பெயர் மட்டும். காயப்பட்டவர்கள் பற்றி "பார்க்கலாம்" என்றார் வக்கீல். கிடங்குப் பட்டறையில் சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறார்கள், பின்கதவுக்குப் பக்கத்தில், சுவரில். இவ்வளவுதான் கிடைத்திருக்கிறது.

வெளியே வந்ததும் யோர்தான்கா சித்தி அம்மாவோடு பேசவில்லை. படிக்கட்டில் இறங்கினாள், திரும்பி ஏறினாள். தன் கழுத்துத் துண்டை எடுத்து அம்மாவின் தோளில் போட்டாள். "காத்தடிக்குது, கிழவி" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வீடு வரை நடந்தார்கள்.

மே ஒன்பதோடு அவர்கள் இறந்து அரை வருடம். இந்தக் கடிதத்தோடு புது அறிவிப்பு வைத்திருக்கிறேன். ஒன்றை நூலக அகராதியை வைத்துக் கிரேக்கத்தில் எழுதிப் பார்த்தேன், தவறு இருந்தால் திருத்து. நீ ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக இல்லை. உன்னிடம் ஒன்று இருக்கட்டும். அங்கேயும் மின்கம்பத்தில் மரண அறிவிப்பு ஒட்டுவார்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தாய்.

உன் வேலை என்ன ஆயிற்று? அம்மா தினமும் கேட்கிறாள், மெதோதி அண்ணனின் பஸ் வரும் நேரத்தில்.

தெமெனுகா

*

தெசலோனிக்கி
28 மே

அன்புத் தெமெனுகாவுக்கும் அம்மாவுக்கும்,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபப்படாதீர்கள். உயிரோடு இருக்கிறேன், மெஷினும் ஓடுகிறது.

ஒன்பதாம் தேதி காலையில் மாவுப் பசை காய்ச்சி எடுத்துப்போய் எங்கள் பின்கதவிலேயே ஒட்டினேன். உன் கிரேக்கத்தில் தவறுகள் இருந்தன. எங்களோடு தைக்கும் அல்பேனியப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். ஆனால் கதவு என்ற சொல்லைச் சரியாக எழுதியிருந்தாய். சிரித்து முடித்ததும் அதைப் பார்த்தார்கள், பிறகு பூட்டைப் பார்த்தார்கள். இங்கத்து மேஸ்திரி வந்தார். செத்தவர்கள் யார் என்று கேட்டார். எங்கள் ஊர், உங்கள் முதலாளி என்றேன். மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார். அவரும் கிழிக்கவில்லை. அன்று பூட்டைத் திறக்கும்வரை யாரும் மெஷினில் உட்காரவில்லை. நான் உட்காராதீர்கள் என்று சொல்லவே இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. நான் நின்றேன், அவர்களும் நின்றார்கள்.

ஆர்டர் முடியும்வரை என்னை அனுப்பமாட்டார்கள், காலர் தைக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. யோசிக்கவும் தெம்பில்லை. தண்டனையாக ஜன்னலோரத்திலிருந்து எழுப்பி, பின்கதவுக்கு நேர் எதிரே உட்காரவைத்திருக்கிறார்கள். கதவைக் காலையிலேயே திறந்துவிடுகிறார்கள். கடல் காற்று நேரே உள்ளே வருகிறது. "மூடித் தொலைங்கடி, கழுத்து போச்சு!" என்று பக்கத்து மெஷின்காரி கத்துகிறாள். எழுந்து போய் மூடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்த் திறக்குமா என்று பார்க்கிறேன். திறக்கிறது.

அம்மா, எனக்கும் தோள் பிடித்துக்கொண்டது. இடது தோள், உனக்கு வலிக்கும் அதே இடம். உன் கம்பளித் துண்டை மெதோதி அண்ணனிடம் கொடுத்தனுப்பு. அங்கே வீட்டு ஜன்னலை இனி மூடிக்கொள்.

ருமியானா